கேளுங்க சொல்றேன்: வேல்ஸ் தேசத்துப் பாட்டுக்காரப் போதகர்

போன இதழ்ல வேல்ஸ் நாட்டு ரக்பி மேட்ச்ல ஸ்டேடியமே சேர்ந்து பாடுற ஒரு கிறிஸ்தவப் பாட்டைப் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாரு. அதை எழுதினவர் வில்லியம் வில்லியம்ஸ்ங்கிற 18ஆம் நூற்றாண்டு கவிஞர், வேல்ஸ் மெதடிஸ்ட் இயக்கத்தோட (இங்கிலாந்து திருச்சபைக்குள்ள எழுந்த ஒரு எழுப்புதல் இயக்கம்) மூணு பெரிய தலைவர்கள்ல ஒருத்தர், ஆனா கடைசி வரைக்கும் அவருக்கு முழு குருப்பட்டம் கிடைக்கலைன்னு ரெண்டு வரியில பதில் போட்டிருந்தேன். அதுக்கு வந்திருக்குற கடிதங்களைப் பாத்துட்டு இந்த இதழை முழுசா அவருக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷர், கொஞ்சம் நீளமாவே போகும், பொறுமையா படிங்க.

அக்கா, இந்த வில்லியம்ஸ் எந்த ஊரு, எந்தக் குடும்பம்? போதகர் வீட்டுப் பிள்ளையா? முதல்ல இருந்து சொல்லுங்களேன்.
(வாசகி, பாளையங்கோட்டை)

போதகர் வீட்டுப் பிள்ளை இல்லம்மா, விவசாயக் குடும்பம். 1717ல வேல்ஸோட தென்மேற்குப் பக்கம் கார்மார்தன்ஷயர்ல, லான்டவரிங்கிற சின்ன டவுனுக்குப் பக்கத்துல ஒரு மலையோரப் பண்ணையில பிறந்தாரு. அப்பா ஜான், அம்மா டாரதி. குடும்பம் இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தது இல்ல, அரசாங்கச் சபையை விட்டு விலகி நின்ன சுயாதீனச் சபை. அப்பா அந்தச் சபையில மூப்பர், அதனால சின்ன வயசுலயே வீட்ல வேதமும் விவாதமும் கேட்டு வளர்ந்திருக்காரு. அந்தச் சபையே பின்னாடி கோட்பாட்டுச் சண்டையில ரெண்டா உடைஞ்சுது, ஒரு சபை உடையறதைக் கிட்ட இருந்து பாத்தவருங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

அம்மா பிறந்த வீட்டுப் பண்ணை பேருதான் பந்தகெலின். அப்பா 1742ல இறந்ததுக்கு அப்புறம் அம்மா அங்க போயிட்டாங்க, இவரும் கல்யாணத்துக்கு அப்புறம் அங்கதான் குடியிருந்தாரு. வேல்ஸ்ல வில்லியம்ஸ்ங்கிற பேரு தெருவுக்குப் பத்து இருக்கும், அதனால அங்க எல்லாரும் இவரை பண்ணைப் பேரை வச்சு பந்தகெலின்னுதான் சொல்வாங்க.

இவரு டாக்டர் ஆகத்தான் நினைச்சாரு. அதுக்காக ப்ரெக்கன் பக்கத்துல சபை விலகினவங்க நடத்துன ஒரு அகாடமியில படிச்சுக்கிட்டிருந்தப்ப, 1737-38 வாக்குல, டால்கார்த் ஊர் சர்ச் கல்லறைத் தோட்டத்துல ஒரு இளைஞன் நின்னு பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்தான். ஹவல் ஹாரிஸ், இவரை விட மூணு வயசுதான் மூத்தவர், குருவும் இல்ல, பட்டமும் இல்ல. சர்ச்சுக்குள்ள பேச இடம் இல்லாததால வெளியில கல்லறைங்களுக்கு நடுவுல நின்னு பேசுறாரு, அந்தக் குரலைக் கேட்டு வில்லியம்ஸ் அப்படியே நின்னுட்டாரு. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, 1773ல ஹாரிஸ் இறந்தப்ப எழுதின இரங்கற்பாவுல, இதுதான் நான் என்னைக்கும் மறக்காத காலை, பரலோகத்தோட சத்தத்தை நானும் கேட்ட காலைன்னு எழுதுறாரு. அந்த வரியை வேல்ஸ்ல இன்னைக்கும் மனப்பாடமா சொல்ற பெரியவங்க இருக்காங்க. டாக்டர் படிப்பு அதோட போச்சு.

முழு குருப்பட்டம் கிடைக்கலைன்னு சொன்னீங்க, ஏதாவது தப்பு பண்ணாரா? ஏன் மறுத்தாங்க?
(வாசகர், திருச்சி)

தப்புன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல சார். சுயாதீனச் சபையில பிறந்தவரு இங்கிலாந்து திருச்சபையிலேயே ஊழியம் பண்ணலாம்னு வந்து 1740ல டீக்கன் பட்டம் (முழு குருப்பட்டத்துக்கு முந்தின படி) வாங்கி, லான்உர்டிட் பக்கத்து மலைக் கிராம சர்ச்சுகள்ல உதவி குருவா சேர்ந்தாரு. அவருக்கு மேல இருந்த குரு தியோஃபிலஸ் எவன்ஸ், அவரும் பெரிய எழுத்தாளர்தான், வேல்ஸ் மொழியில வரலாறு எழுதினவரு, ஆனா மெதடிஸ்ட் ஆளுங்களை அவருக்கு சுத்தமா ஆகாது, அவங்களை எதிர்த்து பின்னாடி தனியா ஒரு புத்தகமே போட்டாரு. இவரு ஞாயித்துக்கிழமை தன் சர்ச்ல இருக்க வேண்டியவரு மத்த ஊருங்களுக்குப் போயி திறந்தவெளியில பேசுறாரு, வீடுகள்ல கூட்டம் நடத்துறாரு, இந்த மாதிரி குற்றச்சாட்டு எல்லாம் சேர்ந்து 1742ல திருச்சபை நீதிமன்றத்துக்கே போச்சு. 1743ல குருப்பட்டம் கேட்டப்ப பிஷப் முடியாதுன்னுட்டாரு.

இதோட வலி என்னன்னா, டீக்கனா இருக்கிறவரு பிரசங்கம் பண்ணலாம், ஆனா திருவிருந்தைத் தானே நின்னு நடத்த முடியாது. அவரும் திருச்சபையை விட்டு வெளியேறி வேற பட்டம் வாங்கிக்கல, சாகுற வரைக்கும், 50 வருஷம், இங்கிலாந்து திருச்சபையோட டீக்கனாவே இருந்தாரு. சபை உடையறதைச் சின்ன வயசுல பாத்தவர்னு மேல சொன்னேன்ல, அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

அதே வருஷம் மெதடிஸ்ட் தலைவர்கள் கூடி, நீ அந்த உதவி குரு வேலையை விட்டுட்டு லாங்கெய்த்தோவுல இருக்குற டேனியல் ரோலண்டுக்குத் துணையா போன்னு சொல்லிட்டாங்க. ரோலண்ட் முறையா பட்டம் வாங்கின குரு, பிரசங்கத்துல அவரை மிஞ்ச அந்த நாட்டுல ஆள் கிடையாது. மாசம் ஒரு தடவை அவர் நடத்துற திருவிருந்துக்கு ஆயிரக்கணக்குல ஜனம் மலை தாண்டி நடந்தே வருவாங்க. ஹாரிஸ், ரோலண்ட், வில்லியம்ஸ், இந்த மூணு பேருதான் அந்த இயக்கம். ஒருத்தர் ஆளுங்களைச் சேத்தாரு, இன்னொருத்தர் பிரசங்கத்தால அவங்களைப் பிடிச்சு நிறுத்தினாரு. வில்லியம்ஸ் பண்ணது என்னன்னு அடுத்த கேள்வியிலதான் வருது.

மெதடிஸ்ட்னா ஜான் வெஸ்லி ஆளுங்கதானே அக்கா? எங்க பாட்டி சபையில "வகுப்புக் கூட்டம்"னு ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்வாங்க, அது மாதிரி இவங்ககிட்டயும் இருந்துச்சா?
(வாசகி, நாகர்கோவில்)

ரொம்ப நல்ல கேள்விம்மா, நான் இந்த இதழ்ல சொல்ல நினைச்சதே இதுதான். இங்கிலாந்துல மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின வெஸ்லியோட ஆளுங்க வேற, இவங்க வேற. வேல்ஸ் மெதடிஸ்ட் இயக்கம் வெஸ்லியோட மனமாற்றத்துக்கு முன்னாடியே, 1735லயே ஹாரிஸ், ரோலண்டால தொடங்கிடுச்சு. கோட்பாட்டுல இவங்க, இரட்சிப்பு யாருக்குன்னு கடவுளே முன்கூட்டி தேர்ந்தெடுக்கிறார்னு சொன்ன கால்வின் பக்கம், இங்கிலாந்துல ஜார்ஜ் விட்ஃபீல்டுங்கிற பிரசங்கிகூட நெருக்கம்.

உங்க பாட்டி சொன்ன மாதிரி கூட்டம் இவங்ககிட்டயும் இருந்துச்சு, அதுக்குப் பேரு செய்யட். பண்ணை வீட்டு அடுப்படியிலயோ, தானியக் களஞ்சியத்துலயோ பத்து இருபது பேரு வாராவாரம் கூடி உக்காந்து, இந்த வாரம் என் மனசுல என்ன நடந்துச்சு, எங்க விழுந்தேன், எதுக்குப் பயந்தேன், ஜெபம் பண்ண முடிஞ்சுதா இல்லையா, எம்மேல கடவுளுக்கு அன்பு இருக்குன்னு நம்ப முடியுதா முடியலையான்னு ஒருத்தர் ஒருத்தரா வாய்விட்டு சொல்றது. சாட்சி சொல்றதுன்னு நம்ம ஊர்ல சொல்வோமே, ஆனா ஜெயிச்ச கதை மட்டும் இல்ல, தோத்த கதையும் சொல்லணும். 1750க்குள்ள வேல்ஸ் பூரா 400க்கும் மேல இந்த மாதிரி கூட்டங்கள் இருந்துச்சு. பண்ணை வேலைக்காரி, கம்பளி நெய்யிறவன், மாடு ஓட்டுறவன், எழுத்து இப்பத்தான் படிச்சுக்கிட்டவங்க, வாழ்க்கையில யாருமே வந்து உன் மனசு எப்படி இருக்குன்னு கேட்டிராத ஜனங்க, அவங்களை உக்கார வச்சு கேட்டாங்க.

வில்லியம்ஸோட பெரிய வேலை இதுதான். குதிரையில வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான மைல், நாப்பது வருஷத்துக்கும் மேல, ஊர் ஊரா போயி இந்தக் கூட்டங்களை ஆரம்பிச்சு வைக்கிறது, நடத்துறவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது, உள்ள சண்டை வந்தா தீத்து வைக்கிறது. ஹாரிஸே அந்தக் காலத்துல இந்த விஷயத்துல இவருக்கு இருந்த திறமையைப் பாராட்டியிருக்காரு. 1777ல இதுக்குன்னே ஒரு கைப்புத்தகம் எழுதினாரு, ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி உரையாடலா, இந்தக் கூட்டத்தை எப்படி நடத்தணும்னு. புதுசா வந்தவன்கிட்ட என்ன கேக்கணும், பல வருஷமா இருக்குறவன்கிட்ட என்ன கேக்கணும், அது ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு பிரிச்சு சொல்றாரு, புதுசா வந்தவன்கிட்ட பழுத்தவன்கிட்ட இருக்குற தெளிவை எதிர்பார்க்கக் கூடாதுன்னு சொல்றாரு. மன ஆலோசனைன்னு இன்னைக்கு நாம சொல்ற விஷயத்தை 18ஆம் நூற்றாண்டுல மலை கிராமத்துல ஒருத்தர் இவ்வளவு பக்குவமா யோசிச்சிருக்காருங்கிறதைப் படிச்சப்ப எனக்கு அவர் மேல இருந்த மரியாதை பல மடங்கு ஏறிடுச்சு.

இப்ப பாட்டுக்கு வாங்க. இவர் எழுதின பாட்டு 800க்கும் மேல. அதுல நிறைய பாட்டு "நான்"னு ஆரம்பிக்கும் இல்ல "என்"னு பேசும். வழி தெரியல, ராத்திரி ஆகிடுச்சு, புயல் அடிக்குது, மலை குறுக்கால நிக்குது, ஆத்தைக் கடக்கணும், கையைப் பிடிச்சுக்கோன்னு. பல பேரு இதை அவரோட சொந்தப் புலம்பல்னு நினைக்கிறாங்க. நான் அப்படி நினைக்கல. அந்த அடுப்படிக் கூட்டங்கள்ல வாராவாரம் உக்காந்து கேட்டாரே, பேசத் தெரியாத ஜனங்க திக்கித் திக்கி சொன்னதை, அதைத்தான் அவங்களே திரும்பப் பாடுற மாதிரி பாட்டாக்கிக் குடுத்திருக்காரு. அதனாலதான் ஜனம் அதை உடனே தன் பாட்டா எடுத்துக்கிச்சு. போதகர் வேலையும் கவிஞர் வேலையும் அவருக்கு ரெண்டு வேலை இல்ல. குருப்பட்டம் கிடைச்சு ஒரே சர்ச்ல உக்காந்திருந்தா இந்தப் பாட்டெல்லாம் வந்திருக்காதுன்னே எனக்குத் தோணுது.

நான் இலக்கியம் படிக்கிற மாணவன். சர்ச்ல பாடுற பாட்டை எல்லாம் கவிதைன்னு சொல்ல முடியுமா? வேல்ஸ்ல செய்யுள் மரபு ரொம்பக் கட்டுப்பாடானதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இவர் அதுல எழுதினாரா?
(வாசகர், மதுரை)

தம்பி, சரியா கேள்விப்பட்டிருக்கீங்க. வேல்ஸ் மரபுக் கவிதையில கங்ஹானெத்னு ஒரு ஒலி இலக்கணம், ஒவ்வொரு வரிக்குள்ளயும் மெய்யெழுத்துங்க இந்த வரிசையில திரும்ப வரணும்னு கடுமையான விதி. நம்ம எதுகை, மோனை, தளை எல்லாம் வச்சு வெண்பா எழுதுறவங்களுக்கு அந்தச் சிரமம் புரியும். வில்லியம்ஸ் அந்தப் பக்கமே போகல. ஜனங்க வாயில இருந்த தென்மேற்கு வேல்ஸ் பேச்சு மொழியில, சாதாரணமா பாடக்கூடிய சந்தங்கள்ல எழுதினாரு, பேச்சு வழக்கு வார்த்தைங்களைத் தயங்காம போட்டாரு, அவசரத்துல சில இடத்துல இலக்கணம் தட்டும், யாப்பும் தட்டும், அதை நான் மறைக்க மாட்டேன். 800 பாட்டுல எல்லாமே முத்து இல்ல. ஆனா நல்லா வந்த ஒரு நூறு பாட்டு இருக்கே, அதுக்கு முன்னாடி வேல்ஸ் மொழியில அப்படி ஒரு குரல் இருந்ததே இல்ல.

நீங்க பாட்டை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அவர் ரெண்டு நெடுங்கவிதை எழுதியிருக்காரு. 1756ல வந்த ஒண்ணு கிறிஸ்துவோட ராஜ்யத்தைப் பத்தினது, படைப்பு தொடங்கி முடிவு வரைக்கும், அதுல கோள்கள், நட்சத்திரங்கள், அந்தக் காலத்து விஞ்ஞானம் எல்லாத்தையும் அடிக்குறிப்போட கொண்டு வராரு. 1764ல வந்தது தியோமெம்ஃபஸ்ங்கிற ஒரு மனுஷனோட வாழ்வும் சாவும், ஆயிரக்கணக்கான வரி. ஒரு ஆத்மா பாவத்துல உருண்டு, மனந்திரும்பி, திரும்ப வழுக்கி, போலிப் போதகர்கள் கையில சிக்கி, காதல்ல விழுந்து, சந்தேகப்பட்டு, கடைசியா சாகுற வரைக்கும் கூடவே போற கதை. அந்த மாதிரி முன்மாதிரி தனக்குக் கிடைக்கல, ஊத்துல இருந்து தண்ணி வர மாதிரி, சிலந்தி வயித்துல இருந்து வலை வர மாதிரி என் மனசுல இருந்தே வந்துச்சுன்னு முன்னுரையில அவரே சொல்றாரு. இதுலயும் அந்த அடுப்படிக் கூட்டம்தான் தெரியுது, நூத்துக்கணக்கான பேரோட உள் வாழ்க்கையைக் கேட்டவன்தான் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைக்க முடியும்.

ரொம்ப நாளா இவரை பக்திப் பாட்டுக்காரர்னு மட்டும்தான் வச்சிருந்தாங்க. 1927ல சான்டர்ஸ் லூயிஸ்ங்கிற விமர்சகர் இவரைப் பத்தி ஒரு புத்தகம் போட்டு, ஐரோப்பிய இலக்கியத்தோட முதல் ரொமான்டிக் கவிஞரே (காதல் கவிஞர்னு அர்த்தம் இல்ல, தனி மனுஷனோட உணர்ச்சியை மையமா வச்ச இலக்கிய இயக்கம்) இவர்தான்னு வாதாடினாரு. பெரிய சண்டையாச்சு. முதல்வரா இல்லையாங்கிற போட்டியில எனக்கு ஆர்வம் இல்ல, ஆனா ஆங்கில ரொமான்டிக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1770லதான் பிறந்தாரு, அதுக்கு முன்னாடியே ஒரு தனி மனுஷனோட உள்ளத்தை, அதோட ஏத்தத் தாழ்வை இவ்வளவு விரிவா ஒருத்தர் எழுதிட்டாருங்கிறது நிஜம். நீங்க ஆராய்ச்சி பண்றதா இருந்தா இதை எடுங்க தம்பி.

பாட்டெல்லாம் எழுதினாரு சரி, கிராமத்து ஜனங்களுக்குப் படிக்கத் தெரியுமா? யாரு வாங்கினாங்க?
(வாசகர், தஞ்சாவூர்)

இதுக்குப் பதில் இன்னொரு மனுஷர், க்ரிஃபித் ஜோன்ஸ். லான்டவ்ரோர் ஊர் குரு. 1731 வாக்குல இருந்து சுத்திவரும் பள்ளிகள்னு ஒரு ஏற்பாடு பண்ணாரு, ஒரு வாத்தியார் ஒரு ஊருக்கு வந்து, விவசாய வேலை கம்மியா இருக்குற குளிர்கால மாசங்கள்ல சர்ச்லயோ கொட்டகையிலயோ பெரியவங்க, சின்னவங்க எல்லாருக்கும் வேல்ஸ் மொழியில பைபிள் படிக்கச் சொல்லிக் குடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாரு. பகல்ல வர முடியாதவங்களுக்கு ராத்திரி வகுப்பு. 1761ல அவர் இறக்குறதுக்குள்ள 3,000க்கும் மேல பள்ளி, ஒன்றரை லட்சத்துக்கும் மேல பேரு படிச்சிருந்தாங்க. அப்ப மொத்த வேல்ஸ் ஜனத்தொகையே நாலஞ்சு லட்சம்தான், யோசிச்சுப் பாருங்க. வில்லியம்ஸோட புத்தகங்களுக்கு வாசகர்களை உருவாக்கிக் குடுத்தது அந்தப் பள்ளிங்கதான். புத்தகம், சிறு பிரசுரம் எல்லாம் சேத்து 90க்கும் மேல போட்டாரு, குதிரை மேல மூட்டையா கட்டி எடுத்துட்டுப் போயி போற ஊர்ல எல்லாம் வித்தாரு, கூடவே டீத்தூளும் வித்தாரு.

இவங்க கூட்டத்துல ஜனங்க குதிப்பாங்க, கத்துவாங்கன்னு ஒரு இடத்துல படிச்சேன். நிஜமா? எங்க ஊர் எழுப்புதல் கூட்டம் மாதிரியா?
(வாசகி, சென்னை)

நிஜம்தாம்மா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சோகம் இருக்கு. 1750ல ஹாரிஸும் ரோலண்டும் பிரிஞ்சுட்டாங்க, கோட்பாட்டுலயும் சண்டை, யாரு தலைவர்ங்கிறதுலயும் சண்டை. ஹாரிஸ் ட்ரெவெக்காவுல ஒரு கூட்டுக் குடும்ப சமூகம் மாதிரி ஆரம்பிச்சுட்டு ஒதுங்கிட்டாரு, செய்யட் கூட்டங்கள் பல ஊர்ல கலைஞ்சே போச்சு. தன்னை மாத்தின மனுஷனுக்கு எதிர்ப் பக்கம், ரோலண்ட் கூட நிக்க வேண்டிய நிலைமை வில்லியம்ஸுக்கு. பன்னெண்டு வருஷம் அப்படியே போச்சு.

1762ல இவர் "கண்ணாடிக் கடல் மேல் நிற்கிறவர்களின் பாடல்கள்"னு புதுத் தொகுப்பு ஒண்ணு கொண்டு வந்தாரு, பேரு வெளிப்படுத்தின விசேஷத்துல இருந்து. அதை எடுத்துட்டு லாங்கெய்த்தோ போனப்ப ஜனம் பாடத் தொடங்கி, பாட்டை நிறுத்த முடியாம, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, அழுது, கைகொட்டி, குதிச்சு, அங்க இருந்து நாடு பூரா பரவிடுச்சு. ஹாரிஸும் திரும்ப வந்து சேர்ந்துக்கிட்டாரு. இங்கிலீஷ்காரங்க இவங்களுக்கு "குதிக்கிறவங்க"ன்னே பேரு வச்சுட்டாங்க.

கேலி கிளம்புச்சு, உள்ளேயே பல பேருக்கு சங்கடம். அப்ப வில்லியம்ஸ் என்ன பண்ணாரு தெரியுமா, மார்த்தாங்கிற ஒரு சாதாரணப் பொண்ணு தன் போதகருக்கு எழுதுற கடிதம் மாதிரி ஒரு பிரசுரம் போட்டாரு, எனக்குள்ள சந்தோஷம் அடக்க முடியல, குதிக்கிறேன், இது தப்பான்னு அவ கேக்குறா, தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி ஆடலையான்னு வேதத்தை எடுத்துக் காட்டி வாதாடுறா. அடுத்த வருஷம் போதகரோட பதில் இன்னொரு பிரசுரமா. அதுல இந்த உணர்ச்சியை ஆதரிச்சுப் பேசுறாரு, கூடவே எல்லாக் குதிப்பும் ஒரே மாதிரி இல்லை, உள்ள மாற்றம் இல்லாத வெறும் சத்தமும் இருக்கும்னு எச்சரிக்கிறாரு. இன்னைக்கு நம்ம ஊர் கூட்டங்களைப் பத்திப் பேசுறவங்க ஒண்ணு முழுசா ஏத்துக்கிறாங்க இல்ல முழுசா கிண்டல் பண்றாங்க, இவர் அந்தப் பொண்ணையே பேச விட்டுட்டு அப்புறம் பதில் சொன்னாரு பாருங்க.

ரக்பி பாட்டு விஷயத்தை முடிங்க அக்கா. அந்த ட்யூனும் அவர் போட்டதுதானா?
(வாசகர், கோயம்புத்தூர்)

இல்ல. பாட்டு 1760கள்ல வந்தது, வனாந்தரத்துல நடக்குற யாத்திரிகன் கடவுள்கிட்ட வழி நடத்தச் சொல்லி கேக்குற பாட்டு, இஸ்ரவேல் ஜனம் பாலைவனம் கடந்த கதையை வச்சு. ஆங்கிலத்துல 1771ல பீட்டர் வில்லியம்ஸ்ங்கிற இன்னொரு மெதடிஸ்ட் மொழிபெயர்த்தாரு, நம்ம பந்தகெலினும் அதுல கை வச்சாரு. நீங்க கேக்குற அந்த ட்யூன் கம் ரோண்டா, அது ஜான் ஹியூஸ் போட்டது, 1907ல பான்டிப்ரிட் பக்கத்து ஒரு சேப்பல்ல ஆர்கன் விழாவுக்காக. நிலக்கரிச் சுரங்கப் பகுதி, அங்க இருந்து சுரங்கத் தொழிலாளிங்க வழியா ரக்பி மைதானத்துக்குப் போயிடுச்சு. 1997ல டயானா இறுதிச் சடங்குலயும் 2011ல வில்லியம்-கேட் கல்யாணத்துலயும் பாடினாங்க. வேல்ஸ் மொழியில பாடுறப்ப இந்தப் பாட்டுக்கு வேற ட்யூன்தான் வழக்கம், கம் ரோண்டா ட்யூன்ல அவங்க ஆன் கிரிஃபித்ஸ்ங்கிற பொண்ணோட பாட்டைப் பாடுவாங்க. அந்த ஆன் 29 வயசுல இறந்துபோன விவசாயி மகள், வில்லியம்ஸுக்கு அடுத்த தலைமுறை, ரெண்டு பேரையும் சேத்தேதான் வேல்ஸ்ல பேசுவாங்க.

அந்தக் காலத்துப் பாதிரியார்கள் பல பேரு அடிமை வியாபாரத்துக்கு ஒத்து ஊதினவங்க. இவர் எப்படி? நேர்மையா சொல்லுங்க.
(வாசகர், யாழ்ப்பாணம்)

நேர்மையாவே சொல்றேன், இதுல ரெண்டு பக்கமும் இருக்கு. இவங்க இயக்கத்துக்கு நெருக்கமான விட்ஃபீல்ட், ஜார்ஜியாவுல இருந்த தன்னோட அநாதை இல்லத்துக்காக அடிமைகளை வச்சிருந்தவர். 1770ல அவர் இறந்தப்ப அந்த இல்லமும் அடிமைகளும் ஹன்டிங்டன் சீமாட்டி கைக்குப் போச்சு, அந்த அம்மா இந்த இயக்கத்துக்கு ரொம்பப் பெரிய ஆதரவு. அந்த இல்லத்துக்காக அந்த அம்மா கேட்டுத்தான் வில்லியம்ஸ் சில ஆங்கிலப் பாட்டுங்களை எழுதினாருன்னு சொல்வாங்க. 1772ல வந்த அவரோட ஒரு பாட்டு, இருண்ட மலைகளுக்கு அப்பால சுவிசேஷ வெளிச்சம் பரவட்டும்னு வேண்டுறது, 19ஆம் நூற்றாண்டு மிஷனரி கூட்டங்கள்ல ரொம்பப் பிரபலம், அதுல கறுப்பின மக்களையும் செவ்விந்தியரையும் குறிப்பிட்டு அவங்களும் பாக்கட்டும்னு வருது. அந்தப் பாட்டு பாடப்பட்ட இடத்தையும் அங்க உழைச்சவங்க நிலைமையையும் சேத்து நினைச்சா மனசு கஷ்டப்படுது.

இன்னொரு பக்கம், உகாசா க்ரோனியோசாங்கிற ஆப்பிரிக்கரோட சுயசரிதை. ஆப்பிரிக்காவுல இருந்த போர்னு (Bornu)ங்கிற நாட்டுல பிறந்து, அடிமையா விக்கப்பட்டு, பார்படோஸ், நியூயார்க்னு போயி, விடுதலை ஆகி, இங்கிலாந்துல வறுமையில குடும்பம் நடத்தின மனுஷர். 1772 வாக்குல பாத் நகரத்துல அவர் கதை அச்சாச்சு, பிரிட்டன்ல ஒரு ஆப்பிரிக்கர் தன் அடிமை வாழ்க்கையைச் சொன்ன முதல் புத்தகம் அதுதான். அதை 1779ல வேல்ஸ் மொழிக்குக் கொண்டு வந்தவர் நம்ம வில்லியம்ஸ். அடிமை வியாபாரத்தை எதிர்த்து பிரிட்டன்ல அமைப்பு தொடங்கினது 1787லதான், அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி வேல்ஸ் மலை கிராமத்து ஜனங்க ஒரு ஆப்பிரிக்கரோட வார்த்தையிலேயே அவர் கதையைப் படிச்சாங்க. மொழிபெயர்ப்பு பண்ணதால சீமாட்டியோட ஜார்ஜியா விஷயம் சரியாகிடாது. ரெண்டையும் அப்படியே உங்க முன்னாடி வைக்கிறேன்.

மனைவி, குழந்தைங்க? வருஷம் பூரா குதிரையில சுத்தினா வீட்டை யாரு பாத்தாங்க?
(வாசகி, தூத்துக்குடி)

மனைவி பேரு மேரி, 1748 வாக்குல கல்யாணம், எட்டுப் பிள்ளைங்க. பந்தகெலின் வசதியான பண்ணை, அம்மா டாரதியும் 1784 வரைக்கும், 95 வயசு வரைக்கும் கூடவே இருந்தாங்க, அதனால வீடு நின்னுச்சுன்னா அது இந்த ரெண்டு பொம்பளைங்களாலதான். மேரிக்கு நல்ல குரல்னு சொல்வாங்க. ஆங்கில்சி தீவுல ஒரு விடுதியில இவங்க ரெண்டு பேரும் தங்கியிருந்தப்ப, தொந்தரவு பண்ணணும்னே ஒரு கூட்டம் பிடில்காரனோட உள்ள வந்துச்சாம், வாசின்னு வில்லியம்ஸ் சொன்னாராம், அவன் வாசிச்ச டான்ஸ் மெட்டுலயே மேரி கணவரோட பாட்டு ஒண்ணை எடுத்துப் பாடினதும் கூட்டம் தலையைக் குனிஞ்சுட்டு வெளிய போச்சாம். வாய்வழிக் கதைதான், ஆனா அங்க ரொம்பப் பிரியமா சொல்வாங்க.

கல்யாணத்தைப் பத்தி அவர் 1777ல ஒரு புத்தகமே எழுதியிருக்காரு, ரெண்டு தோழிங்க பேசிக்கிற மாதிரி, ஒருத்தி கல்யாணம் கசந்து போச்சு, இன்னொருத்தி கல்யாணம் நல்லா இருக்கு. அழகையும் பணத்தையும் பாத்துக் கட்டினது எப்படி முடிஞ்சுதுன்னு பேசுறாங்க, புருஷன் பொண்டாட்டி உடம்பு நெருக்கத்தைப் பத்தியும் கூச்சமில்லாம பேசுறாங்க. அந்தக் காலத்துல ஒரு போதகர், பொண்ணுங்க வாயில இதை வச்சு எழுதினது பெரிய துணிச்சல். 19ஆம் நூற்றாண்டுல இவர் புத்தகங்களைக் கொண்டாடினவங்க இதை மட்டும் பேசாம ஒதுக்கி வச்சாங்க.

கடைசிக் காலம் எப்படி இருந்துச்சு? இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?
(வாசகர், வேலூர்)

1790 அக்டோபர்ல ரோலண்ட் இறந்தாரு, அவருக்கு இரங்கற்பா எழுதினாரு, மூணு மாசத்துல, 1791 ஜனவரி 11ஆம் தேதி, தானும் போயிட்டாரு. வயசு 73. லான்வைர்-அர்-அ-ப்ரின் சர்ச்ல அடக்கம் பண்ணாங்க. லான்டவரி டவுன்ல அவர் பேர்ல 1880கள்ல கட்டின நினைவு சேப்பல் இருக்கு, ஆபெரிஸ்த்வித் பல்கலைக்கழகத்துல வேல்ஸ் மொழி பேசுற மாணவர்கள் விடுதிக்கும் பந்தகெலின்னுதான் பேரு. அவர் இருந்த வரைக்கும் இயக்கம் இங்கிலாந்து திருச்சபைக்குள்ளயேதான் இருந்துச்சு, தனிச் சபையா பிரிஞ்சது 1811ல.

இந்தியத் தொடர்பு அந்தச் சபை வழியா வருது. அவங்க 1840ல மிஷன் ஆரம்பிச்சு, தாமஸ் ஜோன்ஸ்ங்கிறவரை காசி மலைக்கு (வாரணாசி இல்ல, இன்னைக்கு மேகாலயாவுல இருக்குற Khasi மலை) அனுப்பினாங்க, 1841ல வந்து சேர்ந்து சிரபுஞ்சியில தங்கி காசி மொழியை ரோமன் எழுத்துல எழுத ஏற்பாடு பண்ணது அவர்தான். அப்புறம் 1890கள்ல மிசோ மலைக்கும் போனாங்க. மேகாலயாவுலயும் மிசோரம்லயும் இருக்குற ப்ரெஸ்பிடேரியன் சபைங்க இந்த வேல்ஸ் மெதடிஸ்ட் வேர்ல இருந்து வந்தவை. ஷில்லாங், ஐசால் பக்கம் போயி ஞாயித்துக்கிழமை சபையில நாலு குரல்ல பாடுறதைக் கேட்டவங்களுக்கு அந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியும்.

இவரைப் படிக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கிறது?
(வாசகி, புதுச்சேரி)

தமிழ்ல எதுவும் என் கண்ணுல படலம்மா. ஆங்கிலத்துல செய்யட் கைப்புத்தகத்தோட மொழிபெயர்ப்பு 1973ல வந்திருக்கு, மெல்லிசு புத்தகம், ரெண்டு நாள்ல படிச்சிடலாம். தியோமெம்ஃபஸும் ஆங்கிலத்துல இருக்கு, ஆனா அது பெருசு, அதை அப்புறம் எடுங்க. முதல்ல கைப்புத்தகத்தைப் படிச்சுட்டு, அதுக்கப்புறம் அவர் பாட்டு எதையாவது எடுத்துப் பாருங்க, "நான்"னு வர இடத்துல எல்லாம் அந்த அடுப்படியில உக்காந்திருந்தவங்கள்ல யாரு பேசுறாங்கன்னு யோசிச்சுக்கிட்டே படிங்க. வாராவாரம் கூடுற ஜெபக் குழு ஏதாவது நீங்க நடத்துறவங்களா இருந்தா, அந்தப் புத்தகத்தோட கேள்விப் பகுதியை ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, உபயோகப்படும்.